இரண்டு பேருக்கான காற்று

காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க அரசு கொடுத்த கருவி ஒன்று ஆறுமுகநயினாரின் பையில் எப்போதும் இருந்தது. அதை அவர் அபூர்வமாகத்தான் வெளியே எடுப்பார். அவர் நம்பியது ஊதுபத்தியை. வாசலில் திரையைக் கட்டி, நடுவில் விசிறியைப் பொருத்தி, வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுக்கவிடுவார். பிறகு ஒரு பத்தியைக் கொளுத்திக்கொண்டு சுவரோரமாக மெல்ல நடப்பார். எங்காவது ஓட்டை இருந்தால் வெளிக்காற்று அதன் வழியே உள்ளே பாயும். பத்தியின் புகை அங்கே வளையும். எங்கும் வளையாமல், நூல் பிடித்ததுபோல் நேராக எழுந்தால் வீடு தேறிவிட்டது என்று பொருள். பாளையங்கோட்டையில் அவருக்குப் ‘பத்தி அண்ணாச்சி’ என்று பெயர். சிலர் அதைப் பிரியமாகச் சொன்னார்கள். பெரும்பாலோர் அப்படிச் சொல்லவில்லை.

பிச்சைக்கண்ணுவின் வீட்டில் புகை சமையலறையில் வளைந்தது. ஊறுகாய் ஜாடிகள் அடுக்கிய அலமாரியின் முன்னால், ஏதோ ஒரு வாய் ஊதியதுபோல் சாய்ந்தது.

“அந்த அலமாரிய விட்டுருங்க அண்ணாச்சி. பழசு. தொட்டா சாஞ்சிரும்” என்றார் பிச்சைக்கண்ணு. பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். வியர்க்காத வீட்டுக்குள் அவருக்கு மட்டும் வியர்த்திருந்தது.

நயினார் ஜாடிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். பின்சுவரில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. மழைச்சாரல் வராதபடி வெளிப்பக்கம் தாழ்வாகச் சரித்துப் போடப்பட்டிருந்தது. துளையின் வாயில் கொசுவலை. வலைக்குப் பின்னால் தூசி தங்குவதற்காகக் காய்ந்த பீர்க்கங்கூடு ஒரு துண்டு. வேலை சுத்தமாக இருந்தது.

“யாரு போட்டது?”

“எலியா இருக்கும்.”

“எலி கொசுவலை கட்டுமா?”

“இப்பம் உள்ள எலியெல்லாம் படிச்ச எலி அண்ணாச்சி.”

நயினாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு உள்ளறையை எட்டிப் பார்த்தார். கட்டிலில் ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இரண்டு கைகளிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல்கள். வளைகாப்பு முடிந்து அதிக நாள் ஆகியிருக்காது.

“மூத்தவ, செண்பகம்” என்றார் பிச்சைக்கண்ணு குரலைத் தாழ்த்தி. “மருமவன் குஜராத்துல கப்பல் வேல. இவ காத்துப் பங்கு அங்க குவார்ட்டர்ஸ்ல பதிஞ்சிருக்கு. இங்க எனக்கும் எங்க வீட்டுக்காரிக்கும் ரெண்டு பங்குதான். மூணு பேரு எப்படி அண்ணாச்சி மூச்சு விட? ராத்திரில பிள்ளைக்குத் தலைய வலிக்குங்கா. எந்திரிச்சா கண்ண இருட்டுது. பிரசவம் வரைக்கும் இந்த ஓட்டைய பாக்காதமாதிரி விட்டுருங்க.”

“ஓட்டையில காத்து மட்டுமா வருது? ஈரமும் வருதுல்லா. மேல கீழ எட்டு வீட்டுக்கும் குளிர் ஒரே லைன். ஒங்க வீட்ல ஈரம் ஏறுனா லைன் நின்னுரும். கருங்கோடையில நடந்தத நீங்களும்தான பாத்திய?”

பிச்சைக்கண்ணு கீழே இருந்த ஜாடிகளை ஓரமாக நகர்த்தினார். அந்தக் கோடையைப் பார்க்காதவர்கள் ஊரில் இல்லை. காற்றில் வெயிலும் ஈரமும் ஒன்றாகக் கலந்து ஊர்மேல் உட்கார்ந்துவிட்ட ஆண்டு அது. வியர்வை காயவில்லை, நிழலில் உட்கார்ந்திருந்தவர்களும் செத்தார்கள். எல்லா வீடுகளிலும் குளிர்சாதனம் ஓடியதில் மின்சாரம் அறுந்து, ஓடிய வீடுகளிலும் செத்தார்கள். நயினாரின் தம்பி அப்படிப் போனவன்தான். அதன் பிறகே தேசியக் காற்றடைப்பு விதிகள் வந்தன. ஒவ்வொரு வீடும் ஓட்டையில்லாமல் மூடப்பட வேண்டும். சுவரில் பதித்த ஒரே பெட்டி வழியாக, குளிர்ந்து உலர்ந்த காற்று, அந்த முகவரியில் பதிந்த தலைக்கு ஒரு பங்கு வீதம் வரும். மின்சாரச் செலவு நான்கில் ஒன்றாகக் குறைந்தது. சாவு அதைவிடக் குறைந்தது. விதிகளைத் திட்டுகிறவர்கள்கூட இதை மறுக்க மாட்டார்கள்.

விதிகள் வேறு சிலவற்றையும் குறைத்தன. வாசலில் நின்று “வாங்க, வாங்க” என்று சொல்லும் வழக்கம் “சீக்கிரம், கதவு” என்று சுருங்கியது. உறவுக்காரர்கள் வருவதற்கு முன் “எத்தன பங்கு இருக்கு?” என்று கேட்டுக்கொண்டார்கள். மீன் குழம்பு கொதிக்கிற வாசம் தெருவில் இல்லாமல் போனது. அடுத்த வீட்டில் சண்டையா, சாவா, தாலாட்டா என்று தெரியாமல் போனது.

நயினார் ஓட்டை அடைக்கும் நுரைக்குழாயை எடுத்தார். அலமாரிக்குள் வெளிச்சம் போதவில்லை. பிச்சைக்கண்ணுவே டார்ச்சைக் கொண்டுவந்து, தன் ஓட்டை அடைபடும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். நுரை இறுகியதும் நயினார் மறுபடி பத்தியைக் காட்டினார். புகை நேராக எழுந்தது.

“பாஸ்” என்றார், பழக்கத்தில். பிறகு, “வேற ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கிடுங்க” என்றார்.

“சரி அண்ணாச்சி, பண்ணிக்கிடுதேன். ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க.”

மாசி முடியும்போது பிச்சைக்கண்ணு செத்துப்போனார். பழைய பேருந்து நிலையத்தில், ஒரு தூணில் சாய்ந்தபடி கிடந்தாராம். நயினாரின் உதவி ஆய்வாளர் ஜெசிந்தாதான் அலுவலகத்தில் சொன்னாள்.

“அந்தப் படிச்ச எலி வீட்டுக்காரருதான சார்?”

“அவருதான்.”

“பாவம். வெப்பத் தாக்குன்னு போட்டிருக்கான்.”

“வீட்டு மனுசன், குளுகுளுன்னு வீட்ட வச்சிக்கிட்டு, அங்க எதுக்குப் போய்க் கெடந்தாரு?”

“வாக்கிங் போயிருப்பாரு சார். வயசான ஆளுங்க சொன்னா கேக்காங்களா?”

இருக்கும் என்று நயினாருக்கும் தோன்றியது. அன்று பெருமாள்புரத்தில் ஐந்து வீடுகள் பார்க்க வேண்டியிருந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பங்குனியில் நயினாரின் மகள் கோமதி வந்தாள்.

முதல் கர்ப்பம் ஆறாம் மாதத்தில் கலைந்தவள். அப்போது கோவில்பட்டியில் மாமியார் வீட்டில் இருந்தாள். கணவன் வேலைக்குப் போயிருந்தான். மாமியார் முழங்கால் அறுவைசிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்தார். குளியலறையில் விழுந்து கூப்பிட்டபோது கேட்க ஆளில்லை. காற்றடைத்த வீட்டில் குரலும் வெளியே போகாது. இந்த முறை எட்டாம் மாதம் தொடங்கியதுமே சொல்லிவிட்டாள்: “அம்மா கூடத்தான் இருப்பேன். எங்க வச்சாலும் சரி, அம்மா கூட.”

வளைகாப்பு சுருக்கமாக நடந்தது. பெண்கள் இருவர் இருவராக உள்ளே வந்து, சந்தனம் தடவி, வளையல் போட்டு, பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வெளியேறினார்கள். காற்றுப் பெட்டியின் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்குப் போவதற்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது.

இரவில், மூன்று பேரின் மூச்சுக்குக் காற்றுப் போதாமல், விளக்கு சிவப்பானது. பெட்டி மெல்ல மணியடித்தது. கோமதி எழுந்து உட்கார்ந்து நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டாள்.

“யப்பா, என் பங்க இங்க மாத்த முடியாதா? நீங்க ஆபீசர்தான?”

“மாத்தலாம்மா. மாத்துனா ஒங்க மாமியார் வீட்டுக்கு மறுபடி சோதன வைக்கணும். விதி அது. இப்பம் உள்ள அளவு முன்ன மாதிரி இல்ல, இறுக்கிட்டாங்க.”

“வச்சா என்ன?”

“தேறாது.”

“எப்படித் தெரியும்?”

நயினார் சுவரைப் பார்த்தார். மகள் கல்யாண நிச்சயத்தின்போது, அந்த வீட்டுப் பூஜை அலமாரியில் சம்பந்தி அம்மாள் ஏற்றிவைத்த பத்தியின் புகை ஜன்னல் பக்கம் சாய்ந்ததை அவர் பார்த்திருந்தார். தாம்பூலத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தச் சட்டத்தில் பிளவு, எவ்வளவு நீளம் என்று மனதுக்குள் கணித்தும்விட்டார். பிறகு தட்டை மாற்றிக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்தார்.

“தெரியும்” என்றார். “தேறலைன்னா அந்த வீட்டப் பூட்டிருவாங்க. அத்தன பேரும் முகாமுக்குப் போவணும். ஒங்க மாமியாரு நடக்கமாட்டாத கால வச்சிக்கிட்டு எங்க போவாவ?”

கோமதி தலையணையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். “அங்க என் பங்கு காத்து காலிக் கட்டிலுக்கு வீசிக்கிட்டுக் கெடக்கு. இங்க நான் கெடந்து முட்டுதேன்” என்றாள். சிரிப்பதுபோல்தான் சொன்னாள்.

மறுநாள் கோமதியோடு மருத்துவமனைக்குப் போய் வந்த அவள் அம்மா சண்முகக்கனி, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கணவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

“டாக்டரம்மா ஏசிப்புட்டாவ. இப்படியே புழுங்குன காத்துல கெடந்தா பிள்ளைக்கு ஆவாதாம். ஏற்கெனவே ஒண்ண விட்டவளேன்னாவ. நான் என்ன சொல்ல? எங்க வீட்டுக்காரருதான் ஊருக்கே காத்து அளக்கவருன்னு சொல்லவா?”

“மெதுவா பேசு ஏளா.”

“எதுக்கு மெதுவா? பக்கத்து வீட்டுக்குக் கேட்டுரவா போவுது? அப்படி ஒரு வீட்டத்தான கட்டி வச்சிருக்கிய.” அவள் அலமாரியைத் தட்டினாள். “ஊர்ல ஒரு ஓட்ட விடாம அடைச்ச கையி. நமக்கு ஒண்ணே ஒண்ணு போட வராதா?”

“வரும்.”

“பெறவென்ன?”

“கீழ் வீட்ல நாலு மாசப் பிள்ள கெடக்கு கனி. நம்ம ஓட்டையில ஏறுத ஈரம் அந்த லைனத்தான் நிறுத்தும். மின்சாரம் வந்து சரியாவுறதுக்குள்ள என்னன்னாலும் ஆவலாம். என் தம்பிய நான் அப்படித்தான தூக்குனேன்? ஓட்ட வீட்ட எல்லாம் குளிர வைக்கப் போயிதான அன்னைக்கு மின்சாரம் அறுந்துச்சு?”

அவள் கோபம் இறங்கவில்லை. ஆனால் அலமாரியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். மைத்துனனைக் குளிப்பாட்டி வைத்தவர்களில் அவளும் ஒருத்தி.

“அப்பம் நான் போறேன்” என்றாள் கடைசியில். “எங்கயாவது போறேன். நீங்களும் அவளும் இருங்க.”

“அவ கேட்டு வந்தது ஒன்னத்தான்.”

இருவரும் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே மணி மறுபடி அடித்தது.

அன்று சாயங்காலம் நயினார் மகளிடம், தென்காசியில் சோதனை முகாம் என்றும், பிரசவம் வரைக்கும் பகலில் அலுவலகம், இரவில் அங்கே தங்கல் என்றும் சொன்னார்.

“ராத்திரியில என்னப்பா சோதன?”

“அங்க அப்படித்தாம்மா.”

சண்முகக்கனி ஒன்றும் கேட்கவில்லை. துண்டை நனைத்துப் பிழிந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, அவருடைய தோல்பைக்குள் வைத்தாள். பெரிய பாட்டிலில் தண்ணீர். உப்புப் போட்ட மோர் தனியாக. தென்காசி முகாமுக்கு ஈரத்துண்டு எதற்கு என்று அவரும் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடித் துளை வழியாக உள்ளே பார்த்தார். பெட்டியின் விளக்கு சிவப்பிலேயே இருந்தது. கொஞ்சம் பொறுத்து மஞ்சளானது. அவர் படியிறங்கத் தொடங்கினார்.

தெருவில் இறங்கிய பிறகுதான் எங்கே போவதென்று யோசித்தார். அலுவலகத்தில் வேலை நேரம் முடிந்ததும் காற்று நின்றுவிடும். தங்கும் விடுதி எதுவாக இருந்தாலும், வீட்டிலிருக்கும் பங்கைத் தங்கள் கணக்குக்கு மாற்றி எழுதித்தான் அறை கொடுப்பார்கள். ஜெசிந்தா வீட்டில் மூன்று பங்கு, மூன்று பேர். ஊரில் இத்தனை ஆயிரம் வீடுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் மூச்சு விடலாம் என்று அவருக்குத் தெரியும். எங்கேயும் ஒரு ஆள் அதிகம் கொள்ளாது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சுவர் இல்லாத, கூரை மட்டும் உள்ள இடமாக ஊரில் மிஞ்சியிருந்தது பழைய பேருந்து நிலையம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்தார். காலியாக இருக்கும் என்று நினைத்திருந்தார். கூரையின் கீழே தூணுக்குத் தூண் ஆட்கள் இருந்தார்கள். பாய் விரித்தவர்கள், பனைவிசிறி வைத்திருந்தவர்கள், பனியனை நனைத்துத் தலையில் போட்டிருந்தவர்கள். எல்லாரும் ஐம்பது, அறுபது வயது ஆண்கள். நடுவில் நான்கு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் ஒருவர் சீட்டைக் கவிழ்த்தார்.

“பத்தி அண்ணாச்சில்லா வாராரு!”

“இங்கயுமா ஓய்?”

சீட்டாட்டத்திலிருந்து எழுந்தவரை நயினாருக்குத் தெரிந்தது. தங்கத்துரை, சமாதானபுரத்தில் தையற்கடை. போன வருடம் அவர் வீட்டுக் குளியலறை ஓட்டையை நயினார்தான் அடைத்திருந்தார்.

“இங்க செவுரே கெடையாதே அண்ணாச்சி” என்றார் தங்கத்துரை. “எதச் சோதிக்கப் போறிய?”

எல்லாரும் சிரித்தார்கள். நயினார் பையைக் கீழே வைத்தார். வைத்தபோது வாய் திறந்துகொண்டு, பிளாஸ்டிக்கில் சுற்றிய ஈரத்துண்டும் மோர் பாட்டிலும் வெளியே தெரிந்தன.

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

“மவளா?” என்று கேட்டார் தங்கத்துரை. குரல் மாறியிருந்தது.

“ஆமா.”

“எத்தன மாசம்?”

“எட்டு முடியப் போவுது.”

“எனக்கு ரெண்டாவது பொண்ணு. பொறக்க வேண்டிய நாள் தாண்டிக்கிட்டே போவுது.” அவர் மற்றவர்களைக் காட்டினார். “அவ்வோ மவளுக்கு ஒன்பது. இந்தா இருக்காரே, இவருக்கு மருமவ. அவளுக்குத் தாய் வீடு கெடையாது. அந்தா விசிறியோட இருக்கவரு, பிள்ள பொறந்தாச்சு, பங்கு இன்னும் பதியல. யாரும் வீட்ல சொல்லதில்ல. நான் நைட் வாட்ச்மேன் வேலைக்குப் போறேன்னு சொல்லியிருக்கேன். நீங்க?”

“தென்காசி கேம்ப்.”

“கொள்ளாம். நல்லா சொல்லியிருக்கிய.”

நயினார் முகங்களைப் பார்த்தார். தெரியாத முகம் என்று அதிகமில்லை. சமையலறை, பரணடி, பீரோவின் முதுகு, பூஜை அலமாரி என்று ஒவ்வொரு முகத்தோடும் ஒரு சுவர் நினைவுக்கு வந்தது. அந்தச் சுவர்களின் முன்னால் தான் சொன்னதும் நினைவுக்கு வந்தது. எல்லாருக்கும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லியிருந்தார்: வேற ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கிடுங்க. பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

“நில்லாதிய, உக்காருங்க” என்றார் ஒருவர். பாய்களை நகர்த்தினார்கள். கோடியில் ஒரு தூணடி மட்டும் காலியாக இருந்தது. நயினார் அந்தப் பக்கம் போனபோது யாரும் தடுக்கவில்லை. ஆனால் எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

“அது பிச்சைக்கண்ணு எடம்” என்றார் தங்கத்துரை. “பரவால்ல, நீங்க படுங்க. இங்க இருக்கதுல அங்கதான் கொஞ்சமாவது காத்து வரும். தெரிஞ்சு புடிச்சு வச்சிருந்தாரு மனுசன். அவரு மவளுக்கும் நல்லபடியா பொறந்துட்டாம். பையன்.”

நயினார் உட்காரவில்லை. “செண்பகத்துக்குத் தெரியுமா?” என்று கேட்டார். “அவரு இங்க எதுக்கு வந்தாருன்னு?”

“வாக்கிங் போனாருன்னுதான் சொல்லியிருக்கோம்.”

தெருவிளக்குகள் எரிந்தன. எதிரே அடுக்குமாடி வரிசை ஒலியில்லாமல் நின்றது. ஒவ்வொரு கண்ணாடிக்குப் பின்னாலும் குளிர்ந்த வெளிச்சம். கூரையின் கீழே விசிறிகள் மட்டும் படபடத்தன.

“அண்ணாச்சி, பத்தி வச்சிருக்கியளா?” சீட்டாடியவர்களில் ஒருவர் கேட்டார். “கொளுத்துங்க. எந்தப் பக்கமிருந்து காத்து வருதுன்னு பாத்துச் சொல்லுங்க. அந்தப் பக்கமா தலைய வச்சிப் படுக்கோம். ஒங்க தொழில்தான?”

நயினார் ஒரு பத்தியை எடுத்துக் கொளுத்தினார். பழக்கத்தில் அதை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு முதல் தூணிலிருந்து மெல்ல நடந்தார். எல்லாரும் விசிறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஆற்றுப் பக்கம் காட்டினார். கடைத்தெருப் பக்கம் காட்டினார். வேப்பமரம் நின்ற மூலையில் நெடுநேரம் நின்றார். தூண் தூணாகப் போய்க் கடைசித் தூணுக்கு வந்து சேர்ந்தார். புகை எங்கேயும் வளையவில்லை. நூல் பிடித்ததுபோல் நேராக எழுந்து கூரையைத் தொட்டது.

“என்ன அண்ணாச்சி?” இருட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. “பாஸா?”

யாரோ சிரித்தார்கள். பிறகு விசிறிகள் மறுபடி அசையத் தொடங்கின.

அவர் குனிந்து, பிச்சைக்கண்ணுவின் தூணடியில், சிமெண்டு வெடித்திருந்த ஒரு விரிசலில் பத்தியை ஊன்றினார். அதன் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தார். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் படுத்தார்கள். எந்தப் பக்கம் தலை வைப்பது என்று அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. பத்தி எரிந்து சாம்பலாகும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறைகூட அது சாயவில்லை.